கை இல்லாத நாற்காலி

சென்ற மாதம் என் மனைவியை முழங்கால் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. எங்கள் டோக்கன் எண் 47. போனபோது உள்ளே 19 நடந்துகொண்டிருந்தது. காத்திருக்கும் கூடத்தில் எவர்சில்வர் நாற்காலிகள், மூன்று மூன்றாக ஒரே தண்டில் பொருத்தியவை, வரிசையாகப் பளபளத்தன. பாதிக்கு மேல் காலி. என் மனைவி மட்டும் உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றாள்.

"உட்காரேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றேன்.

"உட்கார்ந்துடுவேங்க. அப்புறம் எழுப்பி விடறது யாரு? நம்பர் கூப்பிடறப்ப நீங்க மருந்துக் கடையில நிப்பீங்க."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். அவளைப் போல இன்னும் நான்கு பேர், எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள், காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். ஒரு அம்மாள் மகளின் தோளைப் பிடித்திருந்தார். அந்த வழியாகப் போகும் நிர்வாகி என்ன நினைப்பார்? "நாற்காலிகள் போதுமான அளவு இருக்கின்றன, காலியாகவே கிடக்கின்றன" என்றுதான் நினைப்பார். நாற்காலியை எண்ணுகிறவர் கண்ணுக்கு, அதில் உட்காரப் பயந்து நிற்பவர் தெரிவதில்லை.

நான் உட்கார்ந்து பார்த்தேன். இருக்கை தாழ்வு. பின்பக்கமாகச் சரிந்திருந்தது. கைப்பிடி கிடையாது. எழ முயன்றபோது ஊன்றிக்கொள்ள என் சொந்தத் தொடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தேன். இதை வாங்கியவர் யாரோ, அவருக்கு வயதே ஆகாதா என்று மனதுக்குள் திட்டினேன். பத்து நிமிடம் கழித்து ஒன்று நினைவுக்கு வந்தது. அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

1986ஆம் ஆண்டு. புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் யு.டி.சி. வயது 36. அதுவரை எங்கள் அலுவலகத்துக்கு வரும் பொதுமக்களுக்கு நாற்காலியே கிடையாது. வராந்தாவில் நிற்பார்கள், இல்லாவிட்டால் நடப்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த வராந்தாவைப் பார்த்தால் பள்ளியில் கற்ற ஒரு சொல் நினைவுக்கு வரும். நீதிமன்றங்களிலும் ரயில் நிலையங்களிலும் இருக்கும் பெரிய கூடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சால் தே பா பெர்துய்' என்பார்கள். தொலைந்துபோன காலடிகளின் கூடம் என்று பொருள். எங்கள் வராந்தாவில் அப்படி எத்தனையோ காலடிகள் தொலைந்தன.

புதிதாக வந்த அதிகாரி நல்ல மனிதர். மக்கள் உட்கார 24 நாற்காலிகள் வாங்க உத்தரவிட்டார். மூன்று கொட்டேஷன் வாங்கி, கம்பாரடிவ் ஸ்டேட்மென்ட் போட்டு, கோப்பில் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. கைவைத்த நாற்காலிக்கும் கை இல்லாத நாற்காலிக்கும் 31 ரூபாய் வித்தியாசம். 24 நாற்காலிக்கு 744 ரூபாய். நான் எழுதினேன்: "பொதுமக்கள் குறுகிய நேரமே காத்திருப்பதால் கைப்பிடி அவசியமில்லை எனக் கருதப்படுகிறது."

கருதப்படுகிறது! யாரால் கருதப்படுகிறது? என்னால்தான். அலுவலக மொழியில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆள் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

கோப்பில் எழுதாத காரணம் ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் அரசு அலுவலகத்தில் கைவைத்த நாற்காலி என்பது பதவி. குமாஸ்தாவுக்குக் கை இல்லாத நாற்காலி, மேலே போகப் போகக் கை முளைக்கும், பிறகு மெத்தை வரும், கடைசியில் முதுகில் துண்டு போர்த்திய நாற்காலி வரும். எனக்கே கை இல்லாதபோது வருகிறவர்களுக்குக் கை எதற்கு என்ற எண்ணம் உள்ளே இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் வெளிப்படையாகவே சொன்னார்: "கை வெச்ச நாற்காலி போட்டா எழுந்து போவாங்களா சார்?"

அந்த நாற்காலிகள் வந்த சில மாதங்களில் ஒரு பெரியவர் பத்திர நகலுக்காக வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. நிமிர்ந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் தடி. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிட்டபோது அவரால் எழ முடியவில்லை. ஒருமுறை முயன்றார், மறுமுறை முயன்றார், தடி வழுக்கியது. இரண்டு பியூன்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அறையே பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது நின்றுகொண்டே இருந்தார். நான் "உட்காருங்க ஐயா" என்றேன். சிரித்தபடி சொன்னார்: "இதுக்கு நாலு கால் இருக்கு தம்பி. எனக்கு வேண்டியது ரெண்டு கை."

நானும் சிரித்தேன். நல்ல சிலேடை என்று வீட்டில் வந்து சொன்னேன். அது சிலேடை அல்ல, ஒரு விண்ணப்பம் என்று புரிய எனக்கு நாற்பது ஆண்டும் ஒரு ஜோடி தேய்ந்த முழங்காலும் தேவைப்பட்டிருக்கின்றன.

இத்தனைக்கும் இதைப் பள்ளியிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சு மொழியில் கை இல்லாத நாற்காலிக்கு 'ஷேஸ்' என்று பெயர், கைவைத்ததற்கு 'ஃபோத்தேய்' என்று பெயர். இரண்டும் வேறு வேறு பொருள்கள். அதோடு, ஷேஸின் 'மேல்' உட்கார வேண்டும், ஃபோத்தேயின் 'உள்ளே' உட்கார வேண்டும். மாற்றி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். இலக்கணம் என்று மனப்பாடம் செய்தேன். ஒன்று உங்களைத் தாங்குகிறது, மற்றொன்று உங்களைப் பிடித்துக்கொள்கிறது என்ற வித்தியாசம் அதில் இருப்பதைக் கவனிக்கவில்லை.

நம் பெரியவர்களுக்கும் இது தெரியாததல்ல. புதுச்சேரித் தமிழர் வீடுகளில் தெருவோரமாகத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை. வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம். வருகிறவர் போகிறவர் எல்லாரும் உட்கார்ந்து காத்திருக்கத்தான் அது. என் தாத்தா திண்ணையின் நடுவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் மரத்தூணை ஒட்டித்தான் உட்காருவார். எழும்போது அந்தத் தூணைப் பிடித்துத்தான் எழுவார். பல ஆண்டுகளாகக் கை பட்ட இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். திண்ணைக்கும் கை இருந்தது. நாம் தூணைக் கூரைக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம்.

உட்கார்ந்தவர் எப்படி எழுகிறார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்கிறார். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். உடம்பை முன்னால் சாய்க்கிறார். பிறகு தொடைத் தசையால் உந்தி எழுகிறார். இளவயதில் இது ஒரே அசைவு. தொடையில் பலம் குறைந்த பிறகு, உந்தும் வேலையில் பாதியைக் கைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், உந்த வேண்டிய பலமும் கூடும். பின்பக்கம் சரிந்திருந்தால் விளிம்புக்கு நகர்வதே ஒரு போராட்டம். கீழே பலகையோ தண்டோ அடைத்திருந்தால் பாதத்தைப் பின்னால் இழுக்க முடியாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களைத் தாழ்வான இருக்கையில் உட்காராதீர்கள் என்று மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்கக் காத்திருக்கும் நாற்காலியே தாழ்வாக இருக்கிறது!

என் அளவு சுலபமானது. இருக்கை தரையிலிருந்து ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ. கைப்பிடி இருக்கையிலிருந்து ஒரு சாண். கைப்பிடி பாதியில் நின்றுவிடக் கூடாது, இருக்கையின் முன் விளிம்பு வரை வர வேண்டும். கை ஊன்றுவது அங்கேதான். இருக்கை சரியாமல் சமமாக இருக்க வேண்டும். ஆழம் அதிகமானால் குள்ளமான பெண்களுக்கு முதுகு சாய்மானத்தைத் தொடாது. இடுப்பு, முழங்கால் நோயாளிகள் வரும் இடத்தில் சில நாற்காலிகள் இன்னும் இரண்டு அங்குலம் உயரமாக இருக்கட்டும். நாற்காலி நகரக் கூடாது. எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலியை டைல்ஸ் தரையில் ஊன்றி எழுந்தால் நாற்காலி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

எந்தப் பொருள் என்று கேட்பீர்கள். என் மனம் பிரம்புக்குத்தான் போகும். எங்கள் அலுவலகத்துக்குப் பிரம்பு பின்ன வருபவர் பார்வையற்றவர். துளைகளை விரலால் எண்ணி எண்ணி, எண்கோணம் பிசகாமல் பின்னுவார். நம் புழுக்கத்துக்குப் பிரம்பைப் போல் காற்றோட்டமான இருக்கை கிடையாது. ஆனால் மூட்டைப்பூச்சி குடியேறும், கழுவித் துடைக்க முடியாது. மருத்துவமனைக்கு அது ஆகாது என்று ஒப்புக்கொள்கிறேன். ரெக்சின் துடைக்கலாம், ஆனால் வெயில் காலத்தில் ஒட்டும், கிழிந்தால் உள்ளே அழுக்கு சேரும். சாதாரண இரும்பைக் கடற்காற்று இரண்டு மழைக்குள் தின்றுவிடும். எவர்சில்வர் தவறில்லை. அதன் வடிவம்தான் தவறு.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கைப்பிடி வைத்தால் அதே சுவரோரம் குறைவான பேர்தான் உட்கார முடியும். உண்மை. பருமனானவர்களுக்குக் கை இடைஞ்சல். குழந்தையை மடியில் கிடத்தும் தாய்க்குக் கை வேண்டாம். இரவெல்லாம் நோயாளிக்காகக் காத்திருப்பவர் சற்றுக் கால் நீட்ட, கை இல்லாத பெஞ்சுதான் புண்ணியம். ஆகவே எல்லாவற்றுக்கும் கை வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் ஒரே மாதிரி வாங்காதீர்கள் என்கிறேன். சில பெஞ்சுகள், சில அகலமானவை, மற்றவை கைவைத்தவை. சக்கர நாற்காலி வந்து நிற்க வரிசையில் ஓர் இடைவெளி. கைவைத்தவை கதவுக்கு அருகில், பெயர் கூப்பிடுவது காதில் விழும் இடத்தில்.

"எல்-ஒன்னுக்குத்தான் சார் கொடுக்க முடியும், ஆடிட் கேட்கும்" என்று இன்றைய குமாஸ்தா சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மை. விலை குறைந்தவருக்குக் கொடு என்று மட்டும் விதி சொல்லவில்லை. கேட்ட தகுதிகள் அனைத்தும் உள்ளவர்களில் விலை குறைந்தவருக்குக் கொடு என்கிறது. தகுதி என்ன என்று முதலில் எழுதுவது நாம்தான். கேட்காததை எந்த வியாபாரியும் தர மாட்டார். "மூன்று பேர் அமரும் எவர்சில்வர் நாற்காலி" என்று ஒரு வரி எழுதினால் அந்த ஒரு வரிதான் வந்து சேரும். "இருக்கை உயரம் 45 செ.மீ., சமமான இருக்கை, முன் விளிம்பு வரை கைப்பிடி, பாதம் பின்னால் போகக் கீழே இடம்" என்று எழுத இன்னும் இரண்டு வரி போதும். ஆடிட் ஒன்றும் சொல்லாது.

இன்னொன்றும் செய்யலாம். ஆர்டர் போடுவதற்கு முன் மாதிரிக்கு ஒரு நாற்காலி வரவழையுங்கள். அதில் அதிகாரி உட்கார்ந்து பார்க்க வேண்டாம். அன்று அலுவலகத்துக்கு வந்தவர்களிலேயே வயதில் மூத்தவரை உட்காரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, யாரும் கை கொடுக்காமல் எழச் சொல்லுங்கள். எழுந்துவிட்டால் வாங்குங்கள். உட்காருவதற்கு வசதியா என்று பார்த்துத்தான் எல்லாரும் நாற்காலி வாங்குகிறோம். எழுவதற்கு வசதியா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அன்று மருத்துவமனையில் 47 கூப்பிட ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவி அவ்வளவு நேரமும் நின்றாள். உள்ளே போனதும் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "ரொம்ப நேரம் நின்னா வலிக்குதாம்மா?"

வெளியே வரும்போது வரவேற்பு மேஜையில் ஒரு ஆலோசனைப் புத்தகம் இருந்தது. மேலே சொன்ன அளவுகளை அதில் எழுதி, என் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இம்முறை "கருதப்படுகிறது" என்று எழுதவில்லை.