துப்பாக்கிக்குப் பெட்டி வாங்கும் முன்

கேள்வி: அப்பா காலத்திலிருந்து வந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி ஒன்று. இரண்டுக்கும் உரிமம் இருக்கிறது. வீடு ஓட்டுக்கூரை; சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். தீப்பிடித்தாலும் தாங்கும் இரும்புப் பெட்டி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— மலையடிவார வாசகர் ஒருவர்

பதில்: கேள்வி ஒன்றுதான், அதற்குள் கவலை மூன்று. திருடன் எடுத்துப் போகக் கூடாது, தீயில் போகக் கூடாது, பிள்ளைகள் கையில் சிக்கக் கூடாது. எந்தப் பெட்டியும் இந்த மூன்றுக்கும் முழுக் காவல் ஆகாது. பெட்டி தருவது நேரம் மட்டுமே: அக்கம்பக்கத்தார் ஓடிவரும் நேரம், தீயை அணைக்கும் நேரம், கோபம் தணியும் நேரம். எவ்வளவு நேரம் தரும் என்று பார்த்து வாங்குவதே சரியான வழி.

திருட்டுக்கு

வீட்டில் துணி வைக்கும் பீரோவின் தகடு மெல்லியது. கடப்பாரை நுனியைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினால் சில நிமிடங்களில் வளைந்துவிடும். அமெரிக்காவில் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டிக்குத் தரும் தரச் சான்றின் அடிப்படை நிலையே, கைக்கருவிகளோடு ஒருவர் 5 நிமிடம் போராடினாலும் திறக்கக் கூடாது என்பதுதான். ஆகவே தகட்டின் கனத்தைக் கடைக்காரரிடம் மில்லிமீட்டரில் கேட்க வேண்டும். கதவுக்குக் கைப்பிடிப் பக்கம் மட்டுமன்றி மற்றப் பக்கங்களிலும் தாழ்க்கம்பிகள் இருக்கின்றனவா, கீல் வெளியே தெரிந்தால் அதை அறுத்தாலும் கதவு கழன்று வராதா என்று திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

பெட்டியை உடைக்க முடியாத திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். அடியிலோ பின்புறமோ போல்ட் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, சிமென்ட் தரையில் முடுக்கிவிட வேண்டும். மண் சுவரிலும் உள்ளே பொள்ளலான கல் சுவரிலும் போல்ட் பிடிக்காது.

தீக்கு

வெறும் இரும்புத் தகடு தீயைத் தடுக்காது. சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். தீ தாங்கும் பெட்டியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சமோ காங்கிரீட் கலவையோ நிரப்பியிருப்பார்கள். அதற்குள் பிணைந்திருக்கும் நீர், சூடேறும்போது ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கதவு விளிம்பில் ஒட்டிய பட்டை சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும்.

காகிதத்துக்கான அமெரிக்கத் தரத்தில் ஒரு மணி நேரப் பெட்டி என்றால், வெளியே சுமார் 927 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினாலும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. ‘ஃபயர் புரூஃப்’ என்ற ஒட்டுவில்லை மட்டும் போதாது. எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, யார் சோதித்தது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கி உரிமப் புத்தகம், நிலப் பத்திரம், பட்டா ஆகியவற்றையும் அதே பெட்டியின் மேல் தட்டில் வைத்தால் கொடுத்த காசுக்கு இரட்டைப் பயன். தீ அணைந்த கையோடு பெட்டியைத் திறக்கக் கூடாது. முழுதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்று புகுந்து உள்ளிருக்கும் காகிதம் பற்றிக்கொள்ளலாம்.

நிரப்பு கனமானதால் உள்ளளவு குறையும். துப்பாக்கியைக் கட்டை முதல் குழல் நுனி வரை அளந்து, அதைவிட அரையடியாவது கூடுதலான உள் உயரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கருமருந்து உள்ளே போகக் கூடாது

மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி வைத்திருப்போர் இதை மறக்கவே கூடாது. கருமருந்து வெளியில் கொட்டிக் கிடந்தால் குப்பென்று எரியும். இறுக மூடிய இரும்புக்குள் சூடேறினால் அதுவே வெடிக்கும். தீயிலிருந்து காக்க வாங்கிய பெட்டியே குண்டாகிவிடும். உரிமத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைத்திருக்கக் கூடாது. அதையும் பூட்டுள்ள கனமான மரப்பெட்டியில், அடுப்பு, கேஸ் சிலிண்டர், டீசல், உர மூட்டை எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். கேப்புகளுக்கும் தோட்டாக்களுக்கும் தனித்தனிப் பூட்டு வேண்டும்.

கிட்டித்த துப்பாக்கியை அப்படியே வைப்பது ஆபத்து. பார்த்தால் நிரம்பியதா காலியா என்று தெரியாது. காலியாக இருக்கும்போது கிட்டிக்கோலைக் குழலின் அடிவரை விட்டு, குழல் வாய் மட்டத்தில் கோலில் ஒரு கோடு கீறி வைக்கலாம். பிறகு எப்போது விட்டாலும் அந்தக் கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். பார்க்கும்போது குழலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

ஈரத்துக்கு

தீ தாங்கும் பெட்டிக்குள் ஈரம் தங்கும்; மலைப்பகுதியில் இன்னும் அதிகம். துப்பாக்கியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, உறையில்லாமல் வைக்க வேண்டும். தோல் உறையும் கித்தான் உறையும் ஈரத்தை இழுத்து வைத்துத் துருவை வளர்க்கும். சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

சாவி யாரிடம்?

பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை. பெரியவர்கள் ஒளித்துவைக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது அரிது. எண் பூட்டானால் பிறந்த தேதி, வண்டி எண் வேண்டாம். உரிமம் யார் பெயரிலோ அவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது சட்டமும்கூட.

பூட்டு அயலாருக்காக மட்டும் அல்ல. கடன் நெருக்கடியிலும் குடும்பச் சண்டையிலும் மனிதர் நிதானம் இழக்கும் நேரம் பெரும்பாலும் சிறிதுதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டியது எதுவோ அதுவே முடிவாகிவிடுகிறது. வீட்டில் ஒருவர் மனம் நொந்திருப்பது தெரிந்தால், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவதே நல்லது. திண்ணையிலும் பரணிலும் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாவுக்கும் இதே நியாயம்தான். அதற்கும் ஒரு பூட்டு வேண்டும், வேறு பெட்டியில்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள். காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் இறந்தால், வாரிசுகள் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்காமல் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருப்பதாலேயே காட்டு விலங்கைச் சுடலாம் என்று ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

புதுப் பெட்டி வாங்க இப்போது வசதி இல்லாவிட்டால், இருக்கும் பீரோவையே தரையோடு முடுக்கி, விசைக்காப்பு வளையத்தின் வழியே சங்கிலி விட்டு, இரண்டாவது பூட்டுப் போடலாம். தீக்கு அது உதவாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்க இன்றைக்கே உதவும்.