பழைய விமானத்தின் தோம்பு

காணி வாங்கப் போகும் யாழ்ப்பாணத்தான் எத்துணை எச்சரிக்கையுடையவன் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மண்ணைப் பார்ப்பதற்கு முன் அவன் உறுதியைப் பார்க்கிறான். உறுதியைப் பார்த்தபின் அதற்கு முந்திய உறுதியைக் கேட்கிறான். ஈடு உண்டா, வழிவாய்க்கால் உரிமை உண்டா, கிணற்றிற் பங்கு எவ்வளவு என்று நொத்தாரிசைத் துளைத்தெடுக்கிறான். இயலுமானால் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு வரைக்கும் போய்வரவும் சலியான். ஆயினும் இதே மனிதன் பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கப் போனால், புதிதாகப் பூசிய வண்ணத்தின் பளபளப்பில் மயங்கிவிடுகிறான். இதன் காரணம் நமக்கு இன்னும் விளங்கவில்லை.

கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளுள், விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்றோர் இன்று உளர். நண்பர் மூவர் நால்வராகப் பணம் சேர்த்துப் பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கலாமா என்று எண்ணுவோரும் அவர்களுள் இருத்தல் கூடும். அவர்களையும், அவர்களை நினைந்து இங்கே கவலை கொண்டிருக்கும் பெற்றோரையும் கருதியே இவ்வாரம் எழுதுகிறோம்.

பழைய விமானம் என்றதும் தாய்மார் நெஞ்சிற் கைவைக்க வேண்டாம். 1947 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறைக்கு அணித்தான பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னை சென்றது. 'சீதாதேவி' என்று பெயர் சூட்டப்பெற்ற அந்த டக்கோட்டா புத்தம் புதியதன்று. முன்னரே பிறர் கையிற் பறந்தது. இறங்கிய நிலையமும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. விமானமும் பழையது, ஓடுபாதையும் பழையது. பயணம் மட்டுமே புதியது!

ஆகவே வயது ஒரு குற்றமன்று. சிறு விமானங்களுட் பெரும்புகழ் பெற்ற செஸ்னா 172 என்பது 1956 முதல் 44,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டிருக்கிறது. 1986 முதல் 1996 வரை அதனைச் செய்வது நின்றிருந்தது. எனவே இன்று விலைக்கு வருவனவற்றுட் பல 1960-களிலும் 1970-களிலும் பிறந்தவை. வாங்குபவரிலும் வயது மூத்த விமானத்தையே அவர் வாங்க நேரிடும்.

அப்படியானால் முதலிற் பார்க்க வேண்டியது யாது? விமானத்தையன்று, அதன் பதிவேடுகளை. உடலுக்கும் எஞ்சினுக்கும் முன்னுள்ள சுழல்விசிறிக்கும் எழுதி வைக்கப்பட்ட வரலாறு உண்டு. பறந்த மணித்தியாலங்கள், மாற்றிய பாகங்கள், விபத்துக்குப் பின் செய்த திருத்தங்கள், அரசாங்கம் கட்டாயமாக்கிய சோதனைகள் யாவும் பொறியியலாளர் கையொப்பத்துடன் அவற்றில் இருத்தல் வேண்டும். இதுவே விமானத்தின் தோம்பு. இடையில் ஓராண்டு வெறுமையாயிருப்பின் அந்த ஆண்டில் விமானம் எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும். சுழல்விசிறி எப்போதாவது நிலத்தில் அடிபட்டதா என்பதையும் தேட வேண்டும். அடிபட்டிருந்தால் அந்த அதிர்ச்சி எஞ்சினின் உள்ளே தண்டு வரைக்கும் சென்றிருக்கும். சுழல்விசிறியை மட்டும் மாற்றிவிட்டு எஞ்சினைத் திறவாமல் விட்டிருப்பின் அது நல்ல அறிகுறியன்று.

இங்கே விற்போர் பெரிதும் விரும்பிச் சொல்லும் ஒரு சொல் உண்டு: "குறைந்த மணித்தியாலமே பறந்தது." கேட்க இனிமையான சொல். ஆனால் எஞ்சின் மணித்தியாலத்தால் மட்டும் மூப்படைவதில்லை. சும்மா நிற்பதாலும் மூப்படைகிறது. பல சிறு விமானங்களிற் பொருத்தப்பட்டுள்ள லைகொமிங் எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றை 2,000 மணித்தியாலம் ஓடியதும், அல்லது 12 ஆண்டு கழிந்ததும், முற்றாகப் பிரித்துப் புதுப்பிக்குமாறு செய்தவர்களே சொல்கிறார்கள். அவ்வெஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் தண்டு மேற்பக்கத்தே அமைந்திருக்கிறது. நெடுநாள் ஓடாது நின்றால் அதன்மேற் படிந்த எண்ணெய் கீழே வடிந்துவிடும், வெறுமையான உருக்கிலே ஈரம் படும், துருப்பிடிக்கும். இருபது ஆண்டிற் 300 மணித்தியாலம் ஓடியதையும், ஐந்து ஆண்டில் 1,200 மணித்தியாலம் ஓடியதையும் நம்முன் நிறுத்தினால் நாம் இரண்டாவதையே முதலிற் பார்ப்போம்.

ஆனால் மிகுதியாகப் பறந்ததிலும் ஒரு கேள்வி இருக்கிறது: எவ்வாறு பறந்தது? 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4 ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டேற்றோனா பீச்சில், பயிற்சிக்குப் பயன்பட்ட பைப்பர் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் மேலெழுந்தது. அவ்வேளை அதன் இடது இறக்கை கழன்று வீழ்ந்தது. பரீட்சை கொடுத்த மாணவரும் பரீட்சகரும் இறந்தனர். அவ்விமானம் 2007-இல் செய்யப்பட்டது, பதினோரு வயதே. ஆயினும் 7,600 மணித்தியாலத்துக்கு மேற் பறந்திருந்தது. அதுவும் தாழப் பறந்து, மீண்டும் மீண்டும் இறங்கி ஏறும் பயிற்சிப் பறப்பு. இறக்கையைத் தாங்கும் சட்டத்திலே, ஆணித்துளை ஒன்றின் ஓரத்தில், உலோகம் களைத்து வெடித்திருந்தது. பொருத்திய நிலையிற் கண்ணால் நோக்குபவருக்கு அவ்வெடிப்புத் தோன்றாது. பின்னர் இவ்வினத்தைச் சேர்ந்த பல விமானங்களின் துளைகளை மின்கருவியாற் சோதிக்குமாறு அமெரிக்க அரசு ஆணையிட்டது. பைப்பர் வாங்குவோர் இச்சோதனை தமக்கு வாய்க்கும் விமானத்துக்கு வேண்டுமா, வேண்டுமாயின் செய்யப்பட்டதா என்று பதிவேட்டிற் பார்ப்பாராக.

அடுத்தது உப்பு. இதனை நம்மவர்க்கு விளக்க வேண்டுமா? மூன்று பக்கம் கடலும் நடுவே களப்புமாக வாழ்பவர் நாம். யன்னற் கம்பியும் துவிச்சக்கர வண்டியும் படும் பாட்டை அறிவோம். விமானத்தின் அலுமினியமோ சிவப்பாகத் துருப்பிடிப்பதில்லை; வெண்பொடியாக உதிரும். தகட்டின்மேல் தகடு படியும் இடத்திலேயே அது முதலில் ஒளிந்திருக்கும். 1988 ஏப்ரல் 28-இல் ஹவாய்த் தீவுகளிடையே பறந்த 19 வயது போயிங் விமானம் ஒன்றின் மேற்கூரை வானிலே பெயர்ந்து சென்றது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்றையோருடன் விமானம் எப்படியோ தரையிறங்கியது. குறுந்தூரம் பலமுறை பறந்ததும் கடற்காற்றும் சேர்ந்து தகட்டின் பொருத்துகளைக் கெடுத்திருந்தன. சிறு விமானத்தில் இறக்கையின் அடியிலுள்ள மூடிகளைக் கழற்றி, ரோச் வெளிச்சம் பாய்ச்சி உள்ளே பார்க்க வேண்டும். தறையாணிகளின் பின்னே கரும்புகைக் கோடு போலத் தெரிந்தால் அந்த ஆணி தளர்ந்து ஆடுகிறது என்க. புதிய வண்ணம் இவற்றையெல்லாம் அழகாக மூடிவிடும்.

எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்ளத்தை அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தத்திற் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பர். எண்ணைக் குறித்துக்கொண்டால் மட்டும் போதாது. காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். புகைக்குழாயிற் காற்றுச் சீறினால் கழிவு வால்வு சரியாக மூடவில்லை. எண்ணெய் ஊற்றும் வாயிற் கேட்டால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது. எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்த்தால் உலோகத் துகளும் அகப்படலாம்.

செஸ்னா 172-இல் நான்கு இருக்கை உண்டென்று கண்டு குடும்பத்தோடு பறக்கலாம் என நினைப்பவர் நிறைக் கணக்கைப் பார்க்கட்டும். தாங்கி நிறைய எரிபொருள் இட்டால், வாட்டசாட்டமான நால்வருக்கு இடமிருக்கும், இசைவு இராது.

சோதிக்கும் பொறியியலாளர் விற்பவரின் ஆளாக இருத்தல் ஆகாது. அந்த விமானத்தை முன்பு பராமரித்தவராகவும் இருத்தல் ஆகாது. அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க முயல்வது வீண். விமானம் கடனுக்கு ஈடாக உள்ளதா என்பதையும் பதிவகத்தில் விசாரிக்க வேண்டும். இலங்கைக்குக் கொண்டுவந்து 4ஆர் என்னும் நம் நாட்டுக் குறியீட்டிற் பதிய எண்ணுவோர், முற்பணம் கொடுப்பதற்கு முன்பே சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் எழுத்திற் கேட்டுக்கொள்வது நன்று.

இவ்வளவும் கேட்டபின், "பழைய பதிவேடு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, ஆனால் விமானம் தங்கமானது" என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அவர் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிவிடலாம்.