பெயரில்லாத ஒலித்துண்டுகள்



சில ஆண்டுகளுக்கு முன்பு, மும்பையிலுள்ள எங்கள் சபையின் சகோதரி ஒருவர் ஒரு வேண்டுகோளோடு என்னிடம் வந்தார். அவருடைய தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். 2011 ஆகஸ்டு 15 விடுமுறை நாளில் நடந்த உபவாசக் கூடுகையில் அந்தத் தாயார் சாட்சி சொல்லியிருந்தார். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த நாட்களில் தேவன் தங்களை நடத்திய விதத்தை அதில் விவரித்திருந்தார். சனிக்கிழமை நினைவுக் கூடுகையில் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும் என்பதே சகோதரியின் விருப்பம்.

பதிவு எங்களிடம் இருந்தது. ஆனால் கணினியைத் திறந்தபோது, 'ஆடியோ 1_01', 'ஆடியோ 1_02' என்று நூற்றுக்கணக்கான ஒலித்துண்டுகள் வரிசையாக நின்றன. இரண்டு வாலிபரோடு மூன்று இரவுகள் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஞாயிறு அதிகாலையில் அது கிடைத்தது. நினைவுக் கூடுகையோ முந்தின மாலையே முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப வேண்டிய உறவினர் அதைக் கேளாமலே ரயில் ஏறினார்கள்.

எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில், பாபிலோனிலிருந்து திரும்பிய சில ஆசாரியர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமற்போனதால் ஊழியத்துக்கு விலக்கப்பட்டதை வாசிக்கிறோம். பெயர் எழுதப்படாத பதிவும் அப்படியே இருக்கிறது, ஆனாலும் பயன்படவில்லை.

இதில் குறை மென்பொருளுடையதல்ல, எங்களுடையது. புரோ டூல்ஸ் போன்ற மென்பொருள், 'டிராக்' எனப்படும் ஒலித்தடத்துக்கு நாம் இட்டிருக்கும் பெயரையே அதில் பதிவாகும் ஒவ்வொரு துண்டுக்கும் கொடுத்து, பின்னால் எண்ணைச் சேர்க்கிறது. நாம் பெயரிடாவிட்டால் 'ஆடியோ 1' என்பதே நிலைத்துவிடும். ஆகவே பதிவைத் தொடங்குமுன் 'செய்தி', 'சாட்சி', 'பாடல்', 'கீபோர்டு' என்று தடங்களுக்குப் பெயரிடுங்கள்.

ஏற்கனவே குவிந்திருப்பவற்றை என்ன செய்வது? புரோ டூல்ஸில் 2017-இல் வந்த பதிப்பு முதல், பல தடங்களையும் துண்டுகளையும் ஒருமிக்கத் தெரிந்தெடுத்துப் பெயர் மாற்றும் வசதி உண்டு. பெயரின் ஒரு பகுதியை வேறொன்றாக மாற்றலாம். வேண்டாத எழுத்துகளை நீக்கலாம். முன்னும் பின்னும் சொற்களைச் சேர்க்கலாம். வரிசை எண் இடலாம். அந்த நாளின் துண்டுகளை எல்லாம் தெரிந்துகொண்டு, '2011-08-15_உபவாசம்_01' என்ற வரிசையில் சில நொடிகளில் அமைத்துவிடலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 1 என்பதற்கு 01 என்று எழுதினால், 10 என்பது 2-க்கு முன்னே போய் நிற்காது.

ஓர் எச்சரிப்பு: வன்தட்டிலுள்ள ஒலிக்கோப்புகளின் பெயரை மென்பொருளுக்கு வெளியே மாற்றாதிருங்கள். அடுத்த முறை திறக்கும்போது அவை எங்கே என்று மென்பொருள் தேடி நிற்கும். மாற்றுமுன் ஒரு நகல் எடுத்து வைப்பதும் ஞானம்.

விலைகொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாத சபைகள் இலவசமான ஆடாசிட்டியைப் பயன்படுத்தலாம். ஒரே நீளமாகப் பதிவான ஆராதனையில், பாடல், சாட்சி, செய்தி தொடங்கும் இடங்களில் 'லேபிள்' எனப்படும் குறியீட்டை வைத்துப் பெயர் எழுதுங்கள். பின்பு அந்தக் குறியீடுகளின்படியே தனித்தனிக் கோப்புகளாக, அந்தந்தப் பெயருடனே சேமிக்க அதில் வழியுண்டு.

எனினும், மென்பொருள் எண்ணைத்தான் கொடுக்கும். பேசினவர் யார் என்பதை அறியாது. அதைக் கேட்டவரே எழுதவேண்டும். ஆராதனை முடிந்த அன்றே, நினைவு மங்குமுன் பத்து நிமிடம் அமர்ந்து, சாட்சி சொன்னவரின் பெயரை அவருடைய சத்தத்தோடு சேர்த்துவையுங்கள். ஊரை விட்டு வந்த நம் மூத்தோரின் சாட்சிகளே, இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துப்போகும் சுதந்தரம்.

நல்ல மேய்ப்பர் தம்முடைய ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவருடைய ஜனத்தின் சத்தத்தை நாம் பெயரில்லாமல் விட்டுவிடலாமா? உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.