மாட்டை விற்று லேப்டாப் வாங்கலாமா?

லாஸ்பேட்டை தாகூர் அரசுக் கல்லூரியில் மகளுக்கு பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது, லேப்டாப்புக்காகக் கறவை மாட்டை விற்கலாமா என்று பாகூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விற்க வேண்டாம். முதல் பருவத்துக்கு நோட்டும் பேனாவும் பெரும்பாலும் போதும். தேவையா என்பதை வகுப்பு தொடங்கியபின் ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யலாம். பாகூரிலிருந்து தினமும் பஸ்ஸுக்குப் பால் காசுதானே கைகொடுக்கும்!

அவசரம் சான்றிதழ்கள்தான். மாற்றுச் சான்றிதழின் அசலைக் கல்லூரியில் கொடுக்கும் முன் ஐந்தாறு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. வருமானம், சாதி, குடியிருப்புச் சான்றிதழ்களுக்குத் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் சேரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகைக்கு மகள் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே திருத்திவிடலாம்.

ராகிங் தொல்லை என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் இலவச எண் 1800-180-5522.