முழங்காலுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் விளையாடுகிற பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

நான்காம் வகுப்பில் மேசையைச் சாணால் அளக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஒருவனுக்கு எட்டுச் சாண் வரும், பக்கத்தில் இருப்பவனுக்குப் பத்து வரும். "யாருது சார் சரி?" என்று சண்டை வரும். பிறகுதான் அளவுகோலை எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பாடத்தை இப்போது என் தங்கை பேரனின் முழங்காலில் நானே மறுபடி படித்தேன்.

கபடி ஆடும்போது அவனுக்கு முழங்காலுக்குள் ஒரு தசைநார் அறுந்துவிட்டது. டாக்டர்கள் அதை ஏ.சி.எல். என்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும் திருகாமலும் பிடித்து வைப்பது அதுதான். ஸ்கேனில் கிழிசல் தெரிந்தது. மூட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கேட்டால் ஒரு டாக்டர் "கொஞ்சம்" என்றார், இன்னொருவர் "நிறைய" என்றார். இருவருமே கையால் அசைத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

இரண்டு மாதத்தில் வீக்கமும் வலியும் போய்விட்டன. "நல்லாத்தானே நடக்கிறான், ஆடட்டும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். "முட்டி கழண்டு போற மாதிரி இருக்கு தாத்தா" என்று அவன் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்ப ஆடப் போனான், கால் மடங்கி விழுந்தான். இந்த முறை மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்தது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்கேன் என்பது அசையாமல் கிடக்கும் காலின் படம். ஓடித் திரும்பும்போது மூட்டு எவ்வளவு நழுவும் என்று அது சொல்லாது. அதற்குத்தான் கைச் சோதனை. முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பது லாக்மன் சோதனை. காலைத் திருகியபடி மடக்கிப் பார்ப்பது பிவட் ஷிஃப்ட் சோதனை. அதற்கு 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். நல்ல சோதனைகள்தான். ஆனால் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு சாண்.

1980களில் அமெரிக்காவில் டேல் டேனியல் என்ற எலும்பு மருத்துவரும் உடனிருந்தவர்களும் கே.டி.1000 என்ற கருவியைக் கொண்டு அளந்து காட்டினார்கள். காலில் கட்டி, குறிப்பிட்ட விசையில் இழுத்தால் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று தெரியும். நல்ல காலைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாக நகர்ந்தால் தசைநார் அறுந்திருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அறுவை சிகிச்சையின்போது எலும்பில் பொருத்திய குறிகளை அகச்சிவப்புக் கேமரா கவனித்து, நகர்வையும் திருகலையும் திரையில் காட்டும். ஆனால் அதற்கு எலும்பில் ஊசி ஏற்ற வேண்டும். அதனால் வெளியிலிருந்தே அளக்கவும் வழி கண்டார்கள். முழங்காலின் பக்கவாட்டில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டி, டேப்லெட்டில் வீடியோ எடுத்துக் கணக்கிடுவது ஒன்று. செல்போனுக்குள் இருப்பது போன்ற சின்ன உணரியைக் காலில் கட்டி அளப்பது இன்னொன்று.

என் கருத்து இதுதான்: எண் வேண்டும். எண் இருந்தால்தான் இந்தக் காலை அந்தக் காலோடும், சிகிச்சைக்கு முன்னால் இருந்ததைப் பின்னால் இருப்பதோடும் ஒப்பிட முடியும். ஆனால் எண் மட்டும் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. அளவுகோலைப் பூஜ்யத்தில் வைக்காமல் ஒன்றில் வைத்து அளந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கே.டி.1000 முன்பின் நகர்வை அளக்கும், திருகலை அளக்காது. பயத்தில் பிள்ளை தொடைத் தசையை இறுக்கிக்கொண்டால் தளர்வு குறைவாகத் தெரியும். மயக்க மருந்து கொடுத்த பின் அதே கால் வேறு கணக்குக் காட்டலாம். ஒரே அளவு தளர்வு இருந்தும், ஒருவர் பயிற்சியால் தசையை வலுவாக்கிச் சமாளித்துவிடுவார். இன்னொருவருக்குப் படி இறங்கும்போதே கால் நழுவும்.

கருவி உள்ள ஆஸ்பத்திரியைத் தேடி அலையச் சொல்லவில்லை. இரண்டு முழங்கால்களையும் சோதித்து, வித்தியாசத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தச் சீட்டைக் காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். பிள்ளை "நழுவுது" என்று சொன்னால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டாமல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

பேரனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சி நடக்கிறது. எப்போது ஆடலாம் என்று தினமும் என்னைக் கேட்கிறான். "அளந்து பார்த்துச் சொல்லட்டும்டா" என்கிறேன். முதல் தடவையே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்