ஆட்டைத் திருடினால் தூக்கு. மலையைப் பறித்தால் சட்டம்!

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் நெறியை நமக்குக் கற்பித்தவர்கள் ஆங்கிலேயரே என்று புகழ்பாடுவோர் இன்றும் உளர். அதே சட்டம் இங்கிலாந்தின் பக்கத்திலிருக்கும் வேல்ஸ் மலைநாட்டு உழவர்களை எவ்வாறு நடத்தியது என்பதை அவர்கள் அறியட்டும்.

1741 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆடு திருடியவனுக்குத் தூக்குத் தண்டனை. 1832 இல்தான் அது நீக்கப்பட்டது. அதனிடத்தில் வந்தது என்ன? ஆயுள் முழுவதற்கும் கடல்கடந்த நாடுகடத்தல்!

அதே காலத்தில், 1801, 1845 ஆம் ஆண்டுகளின் நில அடைப்புச் சட்டங்கள், தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தார் ஆடு மேய்த்த பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்க வழிவகுத்தன. மலையையே வளைத்துக்கொண்டவர் கனவான்; அம்மலையில் ஓர் ஆட்டைப் பிடித்தவன் கள்வன்.

தீர்ப்பளித்தவர் யார்? உள்ளூர் நீதிபதிகளாக அமர்ந்தோர் பெரும்பாலும் நிலப்பிரபுக்களும் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார்களுமே. நீதிமன்ற மொழி எது? 1536 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆங்கிலம். வேல்ஸ் மொழி மட்டுமே அறிந்த உழவன், தன் உயிரைப் பணயம் வைக்கும் விசாரணையில் மொழிபெயர்ப்பாளரின் வாயையே நம்பி நின்றான். தன் மொழியில் சாட்சியம் கூறும் உரிமை, அதுவும் வரம்புகளுடன், 1942 இல்தான் கிடைத்தது.

ஆட்டைப் பறிகொடுத்தோரில் சிறு விவசாயிகளும் உண்டு. அவர்களது இழப்பு சிறிதன்று. ஆனால் இச்சட்டம் அவர்களுக்கும் துணைநிற்கவில்லை. அரசு வழக்கறிஞர் இல்லாத அக்காலத்தில், வழக்குத் தொடுத்துச் சாட்சிகளைத் திரட்டும் சுமை பறிகொடுத்தவர் தலையிலேயே விழுந்தது.

மக்கள் அடங்கிக் கிடக்கவில்லை. 1839 இல் எவைல்வென் என்னுமிடத்துச் சுங்கச்சாவடியைப் பெண்ணுடை தரித்த உழவர்கள் தகர்த்தனர். ரெபெக்கா எழுச்சி என்று பெயர்பெற்ற அப்போராட்டம் 1843 வரை தென்மேற்கு வேல்ஸை உலுக்கியது. போராடியோர் சிலர் நாடுகடத்தப்பட்டனர். எனினும் 1844 இல் சுங்கமுறையைத் திருத்த ஆட்சியாளர்கள் பணிய நேர்ந்தது.

இது வேல்ஸுக்கு மட்டும் உரிய கதையன்று. ஜெர்மனியின் ரைன் மாகாணத்தில் விறகு பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கிய சட்டமுன்வரைவை 1842 இலேயே இளம் மார்க்ஸ் தோலுரித்தார். 1878 ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் மூலம் இந்தியப் பழங்குடி மக்களின் காடுகளைப் பறித்து, அங்கே விறகெடுப்பதையும் மாடு மேய்ப்பதையும் குற்றமாக்கியது பிரிட்டிஷ் அரசு. அந்த வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்ட 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை முழுமையாக நிறைவேற்றுக என்று நாம் முழங்குவது இதனால்தான்.

கள்வன் யார் என்பதை உடைமையாளனே எழுதும் வரை, நீதிமன்றத் தராசு அவன் பக்கமே சாயும். அதை நிமிர்த்தும் வலிமை, அணிதிரண்ட உழைக்கும் மக்களிடமே உள்ளது.