போகிமான் கோ கைமாறியது… விற்கப்பட்டது கேமா, அதை விளையாடியவர்களா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'போகிமான் கோ' உள்ளிட்ட நியாண்டிக் நிறுவனத்தின் கேம்கள் 350 கோடி டாலருக்குக் கைமாறுவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 30,000 கோடி ரூபாய். அந்தக் கேம்களை மாதந்தோறும் விளையாடுகிறவர்கள் 3 கோடிக்கும் மேல். வகுத்துப் பார்த்தால், ஒரு பிளேயருக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய் என்று விலை விழுகிறது.

அந்த 10,000 ரூபாயில் பிளேயருக்கு ஒரு பைசா வராது. 'விற்கலாமா?' என்று அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால், நாளைக்கே அவர் ஆப்பைத் திறப்பதை நிறுத்திவிட்டால், கொடுத்த காசுக்கு அர்த்தமே இல்லை. ஒரு ஆன்லைன் கேம் கைமாறும்போதெல்லாம் ரசிகர்கள் கொதிப்பது இதனால்தான். அந்தக் கோபத்தால் ஏதாவது நடக்குமா? எப்போது நடக்கும், எப்போது நடக்காது?

யார் யாருக்கு விற்றார்கள்?

2016 ஜூலையில் வெளியானது போகிமான் கோ. ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், மேப்பில் தோன்றும் போகிமான்களைப் பிடிக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் ஜியோவுடன் கைகோத்து இந்தியாவுக்கும் வந்தது. 2023-ல் இந்தியும் பேச ஆரம்பித்தது.

இதை உருவாக்கிய நியாண்டிக், 2015-ல் கூகுளிலிருந்து பிரிந்து வந்த நிறுவனம். வாங்கியது அமெரிக்காவின் ஸ்கோப்லி. 'மோனோபொலி கோ' என்ற மொபைல் கேமால் பிரபலமான அதே ஸ்கோப்லிதான். அதன் உரிமையாளர் சாவ்வி கேம்ஸ் குழுமம். 2023-ல் 490 கோடி டாலர் கொடுத்து ஸ்கோப்லியை வாங்கியது. சாவ்விக்கு உரிமையாளர் சவுதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியமான பி.ஐ.எஃப். அதன் தலைவர், பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான்.

2025 மே இறுதியில் டீல் முடிந்தது. போகிமான் கோவுடன் 'பிக்மின் ப்ளூம்', 'மான்ஸ்டர் ஹன்டர் நவ்' ஆகிய கேம்களும், அவற்றை உருவாக்கிய குழுக்களும் ஸ்கோப்லிக்குப் போயின. ஆனால், நியாண்டிக் எல்லாவற்றையும் விற்றுவிடவில்லை. மேப் தொழில்நுட்பத்தைத் தனியாகப் பிரித்து 'நியாண்டிக் ஸ்பேஷியல்' என்ற புது நிறுவனமாக்கிக்கொண்டது. நியாண்டிக்கின் நிறுவனர் ஜான் ஹான்கி அங்கே போய்விட்டார்.

பயம் எதற்கு?

ஒன்று, காசு. மோனோபொலி கோ வெளியான முதல் 10 மாதங்களில் மட்டும் 200 கோடி டாலர் வருவாய் பார்த்தது. டைஸ் தீர்ந்துபோனால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற மாடல் அது. திரையைத் திறந்தாலே 'ஆஃபர்' வந்து நிற்கும். நடக்கிறவர்களுக்கான கேமும் இப்படி ஆகிவிடுமோ என்பதுதான் பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி.

இரண்டாவது, லொக்கேஷன். வேறு கேமுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கேமுக்கு அது தெரியாவிட்டால் விளையாட்டே இல்லை. காலையில் எந்தப் பூங்கா, மதியம் எந்த ஆபீஸ், ராத்திரி எந்தத் தெரு என்று ஒருவரின் தினசரி வாழ்க்கையே அதில் பதிவாகிவிடும். அந்தத் தகவல் ஓர் அரசின் நிதியத்துக்குச் சொந்தமான நிறுவனத்துக்குப் போகிறது என்றதும் பலர் பதறினார்கள். பிளேயர்களின் தகவலை மூன்றாம் தரப்புக்கு விற்பதில்லை என்று கேம் குழுவின் தரப்பிலிருந்து பதில் வந்தது. 'இன்றைக்குச் சரி, நாளைக்கு?' என்ற சந்தேகம் மட்டும் அடங்கவில்லை.

மூன்றாவது, உழைப்பு. இது அதிகம் பேசப்படாத விஷயம். கேமில் வரும் 'போகிஸ்டாப்' இடங்கள் எல்லாம் ஆபீசில் உட்கார்ந்து யாரோ குறித்தவை அல்ல. நியாண்டிக்கின் பழைய கேமான 'இன்க்ரெஸ்' பிளேயர்கள் தங்கள் ஊரின் சிலை, பூங்கா, வழிபாட்டுத் தலம் என்று போட்டோ எடுத்து அனுப்பிய இடங்களே இதற்கு அடித்தளம். பிறகு போகிமான் கோ பிளேயர்களும் இடங்களைப் பரிந்துரைத்தார்கள். அவற்றைச் சரிபார்த்து ஓட்டுப் போட்டவர்களும் பிளேயர்கள்தான், சம்பளம் இல்லாமல்.

விருப்பப்பட்டவர்கள் கேமராவால் அந்த இடங்களை ஸ்கேன் செய்தும் கொடுத்தார்கள். உலகத்தைப் புரிந்துகொள்ளும் ஏ.ஐ. மாடல் ஒன்றை இத்தகைய ஸ்கேன்களைக் கொண்டு உருவாக்கிவருவதாக 2024 நவம்பரில் நியாண்டிக் சொன்னது. நான்கு மாதம் கழித்து கேம் ஒரு பக்கமும் மேப் தொழில்நுட்பம் இன்னொரு பக்கமும் போயின. இரண்டிலும் பிளேயர்களின் கால்வலி இருக்கிறது; பங்கு இல்லை.

பழைய முதலாளி மட்டும் நல்லவரா?

அப்படியும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில், ஒரு போகிஸ்டாப்பை எவ்வளவு தூரத்திலிருந்து பயன்படுத்தலாம் என்ற எல்லையை 40 மீட்டரிலிருந்து 80 மீட்டராக நியாண்டிக் கூட்டியது. சாலையைக் கடக்க வேண்டாம், கூட்டத்தில் நிற்க வேண்டாம், மாற்றுத்திறனாளிகளுக்கும் வசதி. 2021 ஆகஸ்ட்டில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் அதைத் திரும்பவும் 40 ஆக்கியது. பிளேயர்கள் திறந்த மடல் எழுதினார்கள், ஹேஷ்டேக் போட்டார்கள், ஒரு நாள் விளையாடாமல் புறக்கணித்தார்கள். அந்த மாதமே நியாண்டிக் இறங்கிவந்தது. 80 மீட்டர் நிரந்தரமானது.

2023 ஏப்ரலில் இன்னொரு மோதல். வீட்டிலிருந்தே ரெய்டில் சேர உதவும் 'ரிமோட் ரெய்டு பாஸ்' விலை 100 காயினிலிருந்து 195 ஆனது. ஒரு நாளைக்கு 5 முறைதான் என்று கட்டுப்பாடும் வந்தது. எதிர்ப்பு இந்த முறையும் பலமாகவே இருந்தது. ஆனால், நிறுவனம் விலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை. பிளேயர்களை வெளியே நடக்கவைப்பதுதான் இந்தக் கேமின் நோக்கம் என்பது அதன் வாதம்.

அதே நிறுவனம், அதே ரசிகர்கள். ஒரு முறை ஜெயித்தார்கள், ஒரு முறை தோற்றார்கள். என்ன வித்தியாசம்? இதற்கு, முன்பு கைமாறிய இரண்டு கேம்களின் கதை உதவும்.

ராக்கெட் லீக், மைன்கிராஃப்ட்: என்ன ஆனது?

கார்களை வைத்து கால்பந்து ஆடும் 'ராக்கெட் லீக்' கேமை உருவாக்கிய சையோனிக்ஸ் நிறுவனத்தை, 2019 மே மாதம் எபிக் கேம்ஸ் வாங்குவதாக அறிவித்தது. கேம் அப்போது ஸ்டீம் தளத்தில் விற்பனையில் இருந்தது. எபிக்கோ ஸ்டீமுக்குப் போட்டியாகச் சொந்தக் கடை திறந்திருந்தது. ரசிகர்களுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டீமில் மோசமான ரிவ்யூக்களைக் கொட்டினார்கள்.

அது எதையும் நிறுத்தவில்லை. 2020 மார்ச்சில் மேக், லினக்ஸ் கணினிகளுக்கான ஆன்லைன் ஆட்டம் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கேம் இலவசமானது. புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்டீமில் கதவு மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டும் அங்கே தொடரலாம். 2023 டிசம்பரில், பிளேயர்கள் தங்களுக்குள் பொருள்களை மாற்றிக்கொள்ளும் வசதியும் போனது.

ஆனால், இடையில் ஒரு வெற்றியும் உண்டு. 2019 டிசம்பரில் 'ப்ளூபிரின்ட்' என்ற பெயரில் பொருள்களுக்கு அதிக விலை வைத்தபோது பிளேயர்கள் கொந்தளித்தார்கள். சில நாட்களிலேயே விலை குறைந்தது.

மைன்கிராஃப்டை 2014-ல் 250 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியபோதும் 'கேம் செத்தது' என்று பலர் எழுதினார்கள். சாகவில்லை. 2023-ல் விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஆனால், பழைய மோஜாங் கணக்கு வைத்திருந்தவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாறியே ஆக வேண்டும் என்றானது. 2023-ல் கெடு முடிந்தது. மாறாதவர்கள், காசு கொடுத்து வாங்கிய கேமையே இழந்தார்கள்.

கோபம் எங்கே பலிக்கிறது?

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. தூர எல்லை, ப்ளூபிரின்ட் விலை போன்றவை நிறுவனத்துக்கு ஒரு செட்டிங். மாற்றினால் பெரிய இழப்பில்லை. மாற்றாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். அங்கே பிளேயர்கள் ஜெயிக்கிறார்கள். எபிக்குக்குத் தன் கடையும், மைக்ரோசாஃப்டுக்குத் தன் கணக்கு முறையும் அப்படியல்ல. கேமை வாங்கியதன் பலனே அதில் இருக்கிறது. அங்கே எவ்வளவு கத்தினாலும் அசைவதில்லை. ரெய்டு பாஸ் விஷயத்திலும் நியாண்டிக் தன் கேமின் அடிப்படை என்று நினைத்ததை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆக, ஒரு கேம் கைமாறும்போது கேட்க வேண்டிய கேள்வி 'புது முதலாளி நல்லவரா?' என்பது அல்ல. 'எதற்காக வாங்கினார்?' என்பதுதான். மாறப்போவது எது என்பதற்கான விடை அதில் கிடைத்துவிடும்.

போகிமான் கோ ஏறக்குறைய பத்து வருடமாக மக்களின் பழக்கமாக இருக்கும் கேம். தினமும் திறக்கிறார்கள், அவ்வப்போது செலவு செய்கிறார்கள். ஸ்கோப்லி வாங்கியது அந்தப் பழக்கத்தைத்தான். எனவே, கவனிக்க வேண்டிய இடம் பாஸ், டிக்கெட், காயின் ஆகியவற்றின் விலை. ஒரு கடிவாளமும் இருக்கிறது: போகிமான் என்ற பெயரும் உருவங்களும் ஸ்கோப்லிக்குச் சொந்தமல்ல, உரிமம் பெற்றுப் பயன்படுத்துபவை. அந்தப் பெயர் கெட்டால் போகிமான் நிறுவனம் சும்மா இருக்காது.

சட்டம் நம் பக்கமா?

கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. டிஜிட்டல் கேமை 'வாங்குங்கள்' என்று விற்கும் கடைகள், அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் அமலில் இருக்கிறது. 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024-ல் யூபிசாஃப்ட் மூடியதும் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பியக் குடிமக்கள் மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

நம் நாட்டில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாதம் அவகாசம்.

சம்மதம் கேட்டுத் தகவலை மாற்றுவது முடியாத காரியமும் அல்ல. பப்ஜி மொபைல் தடைக்குப் பிறகு 2021-ல் 'பிஜிஎம்ஐ' வந்தபோது, பழைய கணக்கில் இருப்பவற்றைப் புதியதற்குக் கொண்டுவரலாமா என்று பிளேயரிடம் கேட்டுத்தான் மாற்றினார்கள். பலருக்கு அது நினைவிருக்கும்.

அடுத்தது இ.ஏ.

2025 செப்டம்பரில் இன்னும் பெரிய அறிவிப்பு வந்தது. ஈ.ஏ. எஃப்.சி., 'பேட்டில்ஃபீல்டு', 'தி சிம்ஸ்' கேம்களை வைத்திருக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை, அதே பி.ஐ.எஃப். இரண்டு கூட்டாளிகளுடன் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு வாங்குகிறது. இதில் 2,000 கோடி டாலர் கடன். சிம்ஸ் வீடியோ போடும் பிரபலங்கள் சிலர், இ.ஏ.வின் கிரியேட்டர் திட்டத்திலிருந்து வெளியேறினார்கள்.

இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இப்படிக் கடன் போட்டு வாங்கும் டீலில், அந்தக் கடன் வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில்தான் ஏறும். அதை அடைக்க இரண்டே வழி: செலவைக் குறைக்க வேண்டும், இல்லை பிளேயரிடம் வருமானத்தைக் கூட்ட வேண்டும். எந்த ஹேஷ்டேக்கும் வட்டியைக் குறைக்காது.

பிளேயர்கள் செய்யக்கூடியது என்ன? காயினைச் சேமிப்பு மாதிரி வாங்கிக் குவிக்காமல் இருக்கலாம். ஸ்கேன் போன்ற கூடுதல் அனுமதிகளை அணைத்துவைக்கலாம். வேலை முடிந்ததும் லொக்கேஷன் அனுமதியை 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். விலையோ விதியோ மாறும் நாளில் குரல் கொடுக்கலாம். கூடவே, ஒரு நாளாவது ஆப்பைத் திறக்காமல் இருக்கலாம். 2021-ல் நியாண்டிக் இறங்கிவந்தபோது பிளேயர்கள் இரண்டையும் செய்திருந்தார்கள்.